குச்சியா, பிரஷ்ஷா?



இன்று காலை எழுந்ததும் முதலில் என்ன செய்தீர்கள்? "பல் துலக்கினோம்!" என்று நீங்கள் ஒரே குரலில் சொல்வது எனக்குக் கேட்கிறது. சரி, எவ்வளவு நேரம் துலக்கினீர்கள்? கடைவாய்ப் பல் வரைக்கும் போனீர்களா? நேற்று இரவு படுக்கும் முன்பு துலக்கினீர்களா?

அட, இப்போது சத்தம் கொஞ்சம் குறைந்துவிட்டதே!

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். திங்கட்கிழமை தோறும் என் வகுப்பில் நகம், தலைமுடி, சட்டைப் பொத்தான், பல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவேன். அப்படி ஒரு திங்கட்கிழமை நான் ஒரு தவறு செய்தேன். வாத்தியார் கூடத் தவறு செய்வாரா என்று கேட்காதீர்கள். செய்வார்! அந்தத் தவறைத் திருத்திக்கொள்ளப் போனபோது பல்லைப் பற்றி நான் கற்றுக்கொண்டதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

ஒரு சிரிப்பும் ஒரு காலி இடமும்

1995-ம் ஆண்டு. கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியராக இருந்தேன். அப்போது கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் இல்லை. விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. 2019 நவம்பர் 26 அன்றுதான் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது.

கல்வராயன் மலையில் வாழும் பழங்குடி மக்களை 'மலையாளிகள்' என்று சொல்வார்கள். கேரளத்து மலையாளிகள் என்று நினைத்துவிடாதீர்கள். இவர்கள் பேசுவது தமிழ். மலையில் வாழ்வதால் அந்தப் பெயர். சாமை, தினை விளைவிப்பார்கள். காட்டில் தேனும் கடுக்காயும் சேகரிப்பார்கள். அந்த மலையிலிருந்து இறங்கி, அடிவாரத்தில் அத்தை வீட்டில் தங்கிப் படித்த மாணவன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான்.

அன்று அவன் வாயைத் திறந்து காட்டினான். முன்பற்கள் பளிச்சென்று இருந்தன.

"பலே! என்ன பேஸ்ட் போடுகிறாய்?" என்று கேட்டேன்.

"பேஸ்ட் இல்ல சார். வேலங்குச்சி."

வகுப்பே சிரித்தது. நான் அந்தச் சிரிப்பை அடக்கியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, "இந்தக் காலத்தில் யாராவது குச்சியில் விளக்குவார்களா? நாளை முதல் எல்லோரும் பிரஷ்ஷில்தான் விளக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாவது பெஞ்சில் அவன் இடம் காலியாக இருந்தது.

பக்கத்தில் உட்காரும் பையன் மெல்ல எழுந்தான். அவன் கடைத்தெருவில் இருந்த ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. "சார், எங்க நன்னாவும் குச்சியிலதான் விளக்குறாங்க" என்றான். (தாத்தாவை அவர்கள் வீட்டில் 'நன்னா' என்பார்கள்.) "அவங்களையும் பிரஷ் வாங்கினாத்தான் பள்ளிவாசலுக்கு வரணும்னு சொல்லிடுவாங்களா சார்?"

நான் யாரையும் பள்ளிக்கு வர வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால், நான் சொன்னது பிள்ளைகள் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது. எனக்குச் சுருக்கென்றது.

நன்னாவின் சட்டைப்பை

அன்று மாலை அந்தப் பெரியவரின் பெட்டிக்கடைக்குப் போனேன். எழுபது வயதைத் தாண்டியவர். "வாங்க வாத்தியாரே, உக்காருங்க" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டார். பேரன் எல்லாவற்றையும் முன்பே சொல்லியிருப்பான் போலிருக்கிறது. சிரித்துக்கொண்டே சட்டைப்பையிலிருந்து பென்சில் பருமனில் ஒரு குச்சியை எடுத்துக் காட்டினார். அதன் ஒரு முனை தூரிகை போல நார் நாராக இருந்தது.

"இதுதான் மிஸ்வாக். ஒரு நாளைக்கு அஞ்சு வேளை தொழுகை. ஒவ்வொரு வேளைக்கும் முன்னால ஒளு செய்வோம். கை, வாய், மூக்கு, முகம், கால் எல்லாம் கழுவுறது. அப்போ இந்தக் குச்சியால பல்லையும் ஒரு தேய் தேய்ச்சுக்குவோம். நபிகள் நாயகம் ரொம்ப விரும்பிய பழக்கம் இது" என்றார்.

பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். மக்களுக்குச் சிரமமாகிவிடும் என்று மட்டும் இல்லாவிட்டால், ஒவ்வொரு தொழுகைக்கும் முன்பு பல் துலக்குவதைக் கட்டாயமாக்கியிருப்பேன் என்ற பொருளில் நபிகள் சொன்னதாக ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. பச்சைப் பூண்டோ வெங்காயமோ தின்ற வாயோடு பள்ளிவாசலுக்கு வர வேண்டாம் என்றும் அவர் அறிவுறுத்தியிருக்கிறார். ஏன் தெரியுமா? பக்கத்தில் நிற்பவருக்கு அந்த நாற்றம் தொல்லை அல்லவா! சுத்தம் என்பது நமக்காக மட்டும் இல்லை, அடுத்தவருக்காகவும்தான் என்பதை எவ்வளவு அழகாகச் சொல்லியிருக்கிறார்கள், பாருங்கள்.

ரமலான் நோன்பு நாட்களில் பேஸ்ட் தொண்டைக்குள் இறங்கிவிடுமோ என்று பலர் குச்சியையே விரும்புவார்கள். பள்ளிவாசல் வாசலில் அத்தரும் தொப்பியும் விற்கும் கடைகளில் இந்தக் குச்சியை நீங்களும் பார்த்திருக்கலாம்.

நம் ஊர் மரம்தான்!

"இது அரபு நாட்டு மரமா?" என்று பெரியவரிடம் கேட்டேன். "அங்கேயும் இருக்கு, நம்ம நாட்டிலேயும் இருக்கு வாத்தியாரே" என்றார்.

அவர் சொன்னது உண்மை. இந்த மரத்துக்குத் தமிழில் உகா, உகாய் என்று பெயர். தாவரவியலில் 'சால்வடோரா பெர்சிகா' என்பார்கள். சங்க இலக்கியமான குறுந்தொகையிலேயே இந்த மரம் வருகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! வறண்ட நிலத்திலும் உப்பு மண்ணிலும் வளரக்கூடியது. ராஜஸ்தான், குஜராத் பக்கம் நிறைய உண்டு. தமிழ்நாட்டில் நாகப்பட்டினம் மாவட்டத்தின் கோடியக்கரைக் காட்டில் இன்றும் இருக்கிறது. சுற்றுலா போனால் வன அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள். ஆனால், ஒரு குச்சியைக் கூட ஒடிக்கக் கூடாது. அது வனவிலங்கு சரணாலயம்!

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஆலும் வேலும் வேம்பும்தான் கைக்கு எட்டுபவை. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி. நாலடியாரும் திருக்குறளும் சொல்லுக்கு உறுதி என்று பொருள்படும் பழமொழி உங்களுக்குத் தெரிந்ததுதானே? ஆலில் துவர்ப்பு, வேம்பில் கசப்பு. கல்வராயன் மலைக் கடுக்காயும் துவர்ப்புதான். அதை இடித்துப் பற்பொடியில் சேர்ப்பார்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். பழமொழியில் வரும் 'வேல்' நம் நாட்டுக் கருவேல மரம். ஏரி, குளம் எங்கும் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலம் வேறு. அது 19-ம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இங்கே கொண்டுவரப்பட்டது.

பிரஷ்ஷுக்கு வயது என்ன?

குச்சி பழசு, பிரஷ் புதுசு என்கிறோமே, எவ்வளவு புதுசு தெரியுமா?

பன்றி முடியைக் கைப்பிடியில் பொருத்திப் பல் துலக்கும் பழக்கம் சீனாவில் 15-ம் நூற்றாண்டில் இருந்தது. 1780 வாக்கில் இங்கிலாந்தில் வில்லியம் அடிஸ் என்பவர் எலும்புக் கைப்பிடியில் விலங்கு முடியைச் செருகி பிரஷ் செய்து விற்றார். நீங்கள் இன்று பயன்படுத்தும் நைலான் முடி வைத்த பிரஷ், 1938-ல்தான் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதற்கு இன்னும் நூறு வயது கூட ஆகவில்லை! அதற்கு முன்பு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதர்கள் பல்லைக் காப்பாற்றியது பெரும்பாலும் குச்சியால்தான். பிரஷ்ஷுக்குக் குச்சி கொள்ளுத் தாத்தா என்றே சொல்லலாம்.

வாய்க்குள் என்ன நடக்கிறது?

நாக்கால் உங்கள் பல்லைத் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாக, பிசுபிசுப்பாக ஏதாவது தட்டுப்படுகிறதா? அது கிருமிகள் சேர்ந்து கட்டிய படலம். நாம் தின்னும் மிட்டாய், பிஸ்கட்டில் உள்ள சர்க்கரையை இந்தக் கிருமிகளும் தின்கின்றன. தின்றுவிட்டு அமிலத்தை வெளியிடுகின்றன. பல்லின் மேலே இருக்கும் எனாமல்தான் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். எலும்பை விடக் கடினம். அதையே அந்த அமிலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகிறது. அதுதான் சொத்தை.

அந்தப் படலத்தைத் தினமும் தேய்த்து எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிரஷ்ஷின் முடியும் அதைத்தான் செய்கிறது. மென்ற குச்சியின் நாரும் அதைத்தான் செய்கிறது.

உகாக் குச்சியில் இன்னொரு விசேஷமும் உண்டு. மென்றால் கடுகு போல 'சுள்'ளென்று உறைக்கும். அந்த உறைப்பைத் தரும் 'பென்சைல் ஐசோதயோசயனேட்' என்ற பொருள், ஈறு நோயை உண்டாக்கும் சில கிருமிகளைக் கொல்கிறது என்று 2011-ல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் சோதனைச் சாலையில் கண்டறிந்தார்கள். குச்சியால் பல் துலக்கும் பழக்கம் உள்ள பகுதிகளில் அதைத் தொடரலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 1980-களில் ஊக்கம் கொடுத்தது.

"அப்படியானால் குச்சியே போதுமே சார்!" என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். கதை இன்னும் முடியவில்லை.

மூன்றாவது பெஞ்சு நிறைந்தது

மறுநாள் காலை மலை மாணவனின் அத்தை வீட்டுக்குப் போனேன். அவன் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே ஓடினான். அத்தை வெளியே வந்து, "வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போறேங்க. பிரசு வாங்கினதும் அனுப்பிடுறேங்க" என்றார்.

எனக்குத் தலை நிமிரவில்லை. "பிரஷ் இல்லாவிட்டால் பரவாயில்லை, அம்மா. பிள்ளையை என்னோடு அனுப்புங்கள்" என்று கையோடு அழைத்து வந்தேன்.

வகுப்பில் எல்லோர் முன்பும், "நான் அன்று சொன்னது தவறு" என்றேன். பிறகு அவனையே முன்னால் நிறுத்தி, குச்சியை எப்படி மெல்லுவது, எப்படித் தேய்ப்பது என்று செய்து காட்டச் சொன்னேன். அன்று அவன்தான் வாத்தியார். நாங்கள் எல்லோரும் மாணவர்கள். சிரித்த பிள்ளைகள் எல்லாம் "எனக்கு ஒண்ணு கொண்டு வாடா" என்று அவனைச் சுற்றிக்கொண்டார்கள்.

இரண்டு மாதம் கழித்துப் பள்ளியில் மருத்துவ முகாம் நடந்தது. பல் மருத்துவர் ஒருவர் வந்திருந்தார். மலை மாணவனின் முன்பற்களைப் பார்த்து அவரே பாராட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்து, டார்ச் விளக்கை உள்ளே அடித்தவர் முகம் மாறியது. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று வேர் வரை சொத்தை. நெடுநாளாகவே வலித்திருக்கிறது. பிள்ளை யாரிடமும் சொல்லவில்லை. "ஏண்டா சொல்லல?" என்று கேட்டேன். "சிரிப்பாங்கன்னு சார்" என்றான்.

அந்தப் பல்லை எடுக்க வேண்டியதாயிற்று. அது பால் பல் இல்லை, குழந்தைகளே! ஏறக்குறைய ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலேயே கடைசியில் புதிதாக முளைக்கும் பல் அது. பால் பல் என்று நினைத்துப் பலரும் அதைக் கவனிப்பதில்லை. அது போனால் போனதுதான், திரும்ப முளைக்காது.

"குச்சி நல்லதுதான் சார். ஆனால், நேராக இருக்கும் குச்சி கடைவாய்க்கும் பல்லின் உட்பக்கத்துக்கும் சரியாகப் போகாது. தெரிந்தவர்கள் சிரமப்பட்டுச் செய்வார்கள், சின்னப் பிள்ளைகளால் முடியாது" என்றார் மருத்துவர்.

சரி, பிரஷ்ஷும் பேஸ்டும் வைத்திருந்த கடைத்தெருப் பையன்? அவனுக்கு மூன்று சொத்தை! நன்னா கடையின் தேன்மிட்டாய் பாட்டில் செய்த வேலை. காலையில் அரை நிமிடம் துலக்குவானாம். இரவில் துலக்குவதே இல்லையாம். நன்னாவோ எழுபது வயதுக்கு மேலும் முறுக்கைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தார். ஒரு நாளைக்கு ஐந்து முறை, நாற்பது ஐம்பது வருடம் விடாமல் செய்த பழக்கம் அது!

குச்சி வைத்திருந்தவனுக்கும் சொத்தை வந்தது, பிரஷ் வைத்திருந்தவனுக்கும் வந்தது. எதைக் கொண்டு தேய்க்கிறோம் என்பதை விட, எல்லாப் பல்லையும் தேய்க்கிறோமா, தினமும் தேய்க்கிறோமா என்பதுதான் பெரிது என்று அன்று எனக்குப் புரிந்தது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. காலையும் இரவும் இரண்டு இரண்டு நிமிடம் துலக்குங்கள். இரண்டில் இரவுதான் முக்கியம். தூங்கும்போது உமிழ்நீர் குறைவாகச் சுரப்பதால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம்.

2. மென்மையான பிரஷ் நல்லது. ஃபுளோரைடு உள்ள பேஸ்ட் எனாமலைப் பலப்படுத்தும். குச்சி மட்டும் பயன்படுத்தினால் இந்தப் பலன் போதுமான அளவு கிடைக்காது. ஆனால், பட்டாணி அளவு பேஸ்ட் போதும். விளம்பரத்தில் வருவது போல நீளமாகப் போட வேண்டாம். விழுங்கவும் கூடாது. ஃபுளோரைடு மிகுந்தால் பல்லில் கறை விழும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் அது அதிகமாக இருப்பதால் பலருக்கு அந்தப் பாதிப்பு உண்டு.

3. முடி வளைந்த பிரஷ்ஷைத் தூக்கிப் போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றுவது வழக்கம்.

4. உங்கள் வீட்டில் குச்சிப் பழக்கம் இருந்தால் விட வேண்டாம். நுனியில் ஒரு சென்டிமீட்டர் அளவு பட்டையைச் சீவி, தண்ணீரில் நனைத்து, நார் பிரியும் வரை மெல்லுங்கள். மென்மையாகத் தேயுங்கள். அழுத்தித் தேய்த்தால் ஈறு தேய்ந்து இறங்கிவிடும். பயன்படுத்திய நுனியை அவ்வப்போது வெட்டிவிடுங்கள். இரவில் பிரஷ்ஷையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5. தெரியாத மரத்துக் குச்சியை வாயில் வைக்கவே கூடாது. அரளி கொடிய விஷம். எருக்கு, கள்ளிப் பால் வாயைப் புண்ணாக்கிவிடும். பெரியவர்கள் காட்டிய மரத்துக் குச்சி மட்டும்தான்!

6. குச்சியோ பிரஷ்ஷோ, ஒருவர் பயன்படுத்தியதை இன்னொருவர் தொடக் கூடாது. வாயில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. விழுந்தால் தொண்டையில் குத்திவிடும்.

7. செங்கல் தூள், கரித்தூள், மணல் எதுவும் வேண்டாம். எனாமல் தேய்ந்துவிடும்.

8. பல் வலித்தால் உடனே வீட்டில் சொல்லுங்கள், வாத்தியாரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

1995-ல் மலையிலிருந்து ஒரு பிள்ளையைப் பல் மருத்துவரிடம் காட்டுவது பெரும்பாடு. இன்று கள்ளக்குறிச்சியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் திறக்கப்பட்ட பதினொரு மருத்துவக் கல்லூரிகளில் அதுவும் ஒன்று. அதனால் வலியைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். இன்று இரவு கண்ணாடி முன் நின்று வாயைப் பெரிதாகத் திறந்து, கடைசிப் பல் வரை எண்ணிப் பாருங்கள். அப்படியே தாத்தா பாட்டியிடம், சின்ன வயதில் எதால் பல் விளக்கினார்கள் என்றும் கேளுங்கள். அவர்கள் என்ன சொன்னாலும் சிரிக்காதீர்கள். வகுப்பில் யாராவது சொன்னாலும் சிரிக்காதீர்கள்.

"உங்களுக்கு எத்தனை பல் சார்?" என்று கேட்கிறீர்களா? எனக்கு இப்போது சொந்தப் பல் பத்தொன்பதுதான்! சின்ன வயதில் இதையெல்லாம் எனக்குச் சொல்லித்தர யாரும் இல்லை. உங்களுக்குத்தான் நான் சொல்லிவிட்டேனே! என் வயதில் நீங்கள் முறுக்கைக் கடித்துத் தின்ன வேண்டும். தின்பீர்கள்தானே?